முள்ளைத் தொடும் முன் கல்லை எண்ணுங்கள்

நான் ஒரு விதை நிறுவனத்தில் களப்பணி பார்க்கிறேன். வண்டி ஓடிய கிலோமீட்டருக்கு 3 ரூபாய் பெட்ரோல் படி. சென்ற மார்கழியில் நானும் உடன் வேலை பார்ப்பவரும் ஒரே நாள், ஒரே ஊர்கள், ஒருவர் பின் ஒருவராகப் போய்த் திரும்பினோம். அவர் 131 கிலோமீட்டர் என்று எழுதினார். நான் 137 என்று எழுதினேன். கணக்கர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீ மட்டும் எந்தச் சந்துல போய்ட்டு வந்த?"

ஆறு கிலோமீட்டருக்குப் பதினெட்டு ரூபாய். அந்தப் பணம் பெரிதில்லை, அந்தப் பார்வைதான் உறுத்தியது. அன்றிலிருந்து ஒரு மாதம், வேகத்தையும் ஓடிய கிலோமீட்டரையும் காட்டும் என் பைக் மீட்டரோடு மல்லுக்கட்டினேன். கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். கேபிள் வைத்த பழைய முள் மீட்டருக்குத்தான் இது முழுதாகப் பொருந்தும். டிஜிட்டலுக்குக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

வண்டி அப்பாவுடைய பழைய 100 சிசி. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் ஓட்டினான், இப்போது நான். (எங்கள் ஊர் புதுக்கோட்டை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஊரெல்லாம் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியபோது ஏறியவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. அதனால் நான் கியர் வண்டி ஓட்டுவதை எங்கள் வீட்டில் யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.)

மெக்கானிக் அண்ணனிடம் போனேன். "மீட்டரு தப்பா காட்டுதுண்ணே." அவர் உடனே, "மீட்டர மாத்திருவோம் பாப்பா" என்றார். எல்லோரும் முதலில் செய்யும் தவறு இதுதான். முள் காட்டும் வேகமும், கீழே உருளும் எண்ணும் ஒரே டப்பாவுக்குள் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு வேலை. முன்சக்கரத்தில் இருக்கும் மீட்டர் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் கேபிளைச் சுற்றுகிறது. கேபிள் மேலே போய் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தை மூடினாற்போல் ஒரு அலுமினியக் கிண்ணம். இரண்டும் தொட்டுக்கொள்வதில்லை. காந்தம் சுற்றும்போது அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டம் எழுந்து கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கும். கிண்ணத்தின் தண்டில் இருக்கும் மெல்லிய சுருள் ஸ்பிரிங் பின்னால் இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். கிலோமீட்டர் எண்ணுக்கு இந்தக் காந்தமும் ஸ்பிரிங்கும் தேவையே இல்லை. அது வெறும் பல்சக்கரக் கணக்கு. கேபிள் இத்தனை சுற்று சுற்றினால் ஒரு எண் உருளும், அவ்வளவுதான்.

ஆகவே எண் தப்பென்றால் கோளாறு கீழே, சக்கரத்திலோ பினியனிலோ. எண் சரியாக இருந்து முள் மட்டும் தப்பென்றால் கோளாறு மேலே, மீட்டருக்குள். எனக்கு இரண்டிலும் இருந்தது. அதைப் பிரித்தெடுப்பதுதான் பாதி வேலை.

முதலில் எண். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் சாலையில் நமணசமுத்திரம் பக்கம் ஒரு மைல்கல்லில் வண்டியை நிறுத்தி, சிவப்புக் கட்டத்தில் உருளும் பத்தில் ஒரு பங்கு எண் உட்பட எழுதிக்கொண்டேன். பத்துக் கல் போய், அதே பத்துக் கல் திரும்பி வந்தேன். ஒரே ஒரு கல்லை நம்பாதீர்கள். சாலையை அகலப்படுத்தும்போது கல்லைப் பிடுங்கி வசதியான இடத்தில் நட்டிருப்பார்கள். பத்துக்குக் குறையாமல் எண்ணினால் அந்தப் பிசகு கரைந்துவிடும். 20 கிலோமீட்டருக்கு என் மீட்டர் 20.9 காட்டியது. அதாவது நாலரை சதவீதம் கூடுதல். உடன் வேலை பார்ப்பவர் எழுதிய 131ஐ 1.045ஆல் பெருக்கிப் பாருங்கள், 137 வரும். நான் எந்தச் சந்திலும் போகவில்லை என்பது அன்றைக்கே எனக்கு உறுதியாகிவிட்டது.

அடுத்தது முள். இதற்குக் கைபேசியில் ஜிபிஎஸ் வேகம் காட்டும் செயலி ஏதாவது ஒன்று போதும். ஆனால் ஓட்டுகிறவர் அதைப் பார்க்கக் கூடாது. என் அண்ணனைப் பின்னால் உட்காரவைத்து அவன் கையில் கைபேசியைக் கொடுத்தேன். மேடு பள்ளம் இல்லாத நேர்ச்சாலையில், ஒவ்வொரு வேகத்திலும் பத்து வினாடி ஒரே சீராக ஓட்ட வேண்டும். ஜிபிஎஸ் கொஞ்சம் தாமதித்துத்தான் சொல்லும், வேகம் கூட்டும்போது எடுத்த எண் செல்லாது. அவன் "முப்பது" என்று கத்தும்போது என் முள் 37இல் நின்றது. நாற்பதுக்கு 48. ஐம்பதுக்கு 58. கைபேசி இல்லாவிட்டாலும் வழி உண்டு: முள்ளை 60இல் அசையாமல் வைத்து, கல்லுக்குக் கல் கடிகாரம் பார்க்கச் சொல்லுங்கள். உண்மையில் 60 என்றால் சரியாக 60 வினாடி. 3600ஐ வினாடியால் வகுத்தால் உண்மையான வேகம் கிடைக்கும்.

ஒரு அளவு மட்டும் எடுத்துவிட்டு "எட்டு கூடக் காட்டுது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள், மூன்று வேகத்திலாவது பாருங்கள். எல்லா வேகத்திலும் ஒரே அளவு கூடினால் முள் தண்டில் தப்பான இடத்தில் செருகப்பட்டிருக்கிறது. வேகம் ஏற ஏற வித்தியாசமும் ஏறினால் சக்கரத்தின் அளவோ, ஸ்பிரிங்கோ, காந்தமோ காரணம். என் எண்களில் இரண்டும் கலந்திருந்தன. சக்கரத்தால் வரும் நாலரை சதவீதம் தெரியும் அல்லவா? ஒவ்வொன்றையும் 1.045ஆல் வகுத்தேன். 35.4, 45.9, 55.5 வந்தது. உண்மையான வேகத்தைக் கழித்தால் மீதி ஐந்தரை, ஆறு, ஐந்தரை. ஏறக்குறைய ஒரே அளவு. ஆக, ஒரு குற்றம் கீழே, ஒரு குற்றம் மேலே.

கீழே என்ன குற்றம்? வாசலில் முன்டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. வண்டியில் ஆள் உட்கார்ந்து (எடை முக்கியம், காற்றும் சரியாக இருக்க வேண்டும்), கோடு மூன்று முறை தரையைத் தொடும்வரை தள்ள வேண்டும். எனக்கு 5 மீட்டர் 28 சென்டிமீட்டர் வந்தது. பக்கத்து வீட்டில் எங்களுடையதைப் போலவே ஒரு வண்டி நிற்கிறது. அதில் அளந்தால் 5 மீட்டர் 52. அப்புறம்தான் குனிந்து டயரில் எழுதியிருந்ததைப் படித்தேன். அவர்களுடையது 2.75-18 (முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில்). என்னுடையது 2.75-17. அண்ணன் கல்லூரி நாட்களில் அலாய் வீல் ஆசையில் பழைய சாமான் கடையிலிருந்து 17 அங்குலச் சக்கரத்தை வாங்கி மாட்டியிருக்கிறான். சின்னச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு அதிகச் சுற்று சுற்றும், மீட்டர் அதை நம்பி எண்ணும்.

18 அங்குல ரிம்முக்குத் திரும்பலாம், செலவு. வேறு வழி இருக்கிறதா என்று டயர் அளவுகளைக் கணக்குப் போட்டேன். சூத்திரம் எளிது: ரிம் அங்குலத்தை 25.4ஆல் பெருக்கி, அதோடு டயர் உயரத்தை இரண்டு மடங்காகக் கூட்ட வேண்டும். 2.75 போன்ற பழைய அளவுகளில் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று, அதையும் 25.4ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 80/100 போன்றவற்றில் முதல் எண் அகலம் மில்லிமீட்டரில், இரண்டாவது எண் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. பழைய 18க்கு விட்டம் 597 மில்லிமீட்டர். என் 17க்கு 571.5. அதே 17 ரிம்மில் 80/100-17 போட்டால் 592. பிழை நாலரையிலிருந்து ஒரு சதவீதத்துக்குள் இறங்கிவிடும். என் டயர் எப்படியும் தேய்ந்து மாற்றும் நிலையில்தான் இருந்தது. ரிம்மின் அகலம் அந்த டயரை ஏற்குமா, ஃபோர்க்கிலும் மட்கார்டிலும் இருபக்கமும் உரசாமல் இடம் இருக்கிறதா என்று கடையில் பார்க்கச் சொல்லிவிட்டே வாங்கினேன். மீட்டருக்காக மட்டும் பொருந்தாத டயரைத் திணித்தால் பிறகு வளைவில்தான் பதில் தெரியும்.

டயர் ஏறியதும் மறுபடி ஓட்டினோம். 20 கிலோமீட்டருக்கு 20.2. முள் முப்பதுக்கு 36, நாற்பதுக்கு 46, ஐம்பதுக்கு 56. பளிச்சென்று ஆறு, எல்லா இடத்திலும்.

"இந்த மீட்டர எப்பவாச்சும் கழட்டுனியாடா?" என்றேன் அண்ணனிடம். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, "டயலு கலர் மங்கிப்போச்சுன்னு ஒரு தடவ ஸ்டிக்கர் ஒட்டுனேன்" என்றான். ஸ்டிக்கர் ஒட்ட முள்ளைப் பிடுங்கினால்தான் முடியும். பிடுங்கியவன் திரும்ப வைக்கும்போது கண்மதிப்பாக வைத்துவிட்டான்.

முள்ளைத் திருத்துவது பொறுமையான வேலை. மீட்டர் கூட்டின் பின்னால் ஸ்க்ரூ இருந்தால் நீங்களே கழற்றலாம். விளிம்புத் தகடு மடித்து அழுத்தப்பட்டிருந்தால் விட்டுவிடுங்கள், மீட்டர் ரிப்பேர் பார்ப்பவரிடம் கொடுங்கள், நெம்பினால் கண்ணாடி உடையும். திறந்ததும், பூஜ்யத்தில் முள்ளைத் தடுக்கும் சின்னப் பின் தெரியும். முள்ளை நுனிவிரலால் லேசாகத் தூக்கி அந்தப் பின்னைத் தாண்டவிட்டால், ஸ்பிரிங் தளர்ந்து முள் தன் இஷ்டத்துக்கு ஓரிடத்தில் வந்து நிற்கும். அந்த இடத்தில் டயலில் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பேனாவால் புள்ளி வையுங்கள். இந்தப் புள்ளி இல்லாமல் முள்ளைப் பிடுங்கினால் என் அண்ணனுடைய கதிதான். பிறகு டயலின் மேல் ஒரு தடித்த காகிதம் வைத்து, முள்ளின் அடியில் எதிரெதிராக இரண்டு தேக்கரண்டிகளைக் கொடுத்து ஒரே சீராக எழுப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் தண்டு வளையும், பிறகு மீட்டரை மாற்ற வேண்டியதுதான். உள்ளே தெரியும் சுருள் ஸ்பிரிங்கை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

டயலில் 40க்கும் 60க்கும் இடையிலான வளைவை ஒரு நூலால் அளந்து நான்காக மடித்தால் 5 கிலோமீட்டருக்கான தூரம் கிடைக்கும். புள்ளியிலிருந்து அவ்வளவு தூரம் கீழே தள்ளி முள்ளை மெல்ல அழுத்தி, பின்னைத் தாண்டித் தூக்கிப் பூஜ்யத்தில் சாய்த்துவைத்தேன். ஆறு கூடுதலாகக் காட்டும்போது ஏன் ஐந்து? மீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. ஐக்கிய நாடுகள் அவையின் கீழ் உள்ள 39ஆம் எண் வாகன விதியும் அதையே சொல்கிறது, கூடுதலாகக் காட்ட இடம் தருகிறது, குறைவாகக் காட்ட இடமே இல்லை. புது வண்டிகளிலும் முள் கொஞ்சம் முந்தி நிற்பது இதனால்தான். இப்போது என் முள் முப்பதுக்கு 31, ஐம்பதுக்கு ஐம்பத்தொன்றரை.

முள் ஆடுகிறது, துள்ளுகிறது என்றால் அது வேறு சங்கதி, பெரும்பாலும் கேபிள் காய்ந்திருக்கும். உள்கம்பியை உருவித் துடைத்து மெலிதாக கிரீஸ் தடவலாம். மேல்முனையில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் தடவாதீர்கள், கிரீஸ் ஏறி மீட்டருக்குள் போய்விடும்.

மீட்டரையே மாற்றுவதானால் ஒரு சோதனை செய்யுங்கள். ஜப்பானிய முறையில் வந்த பல மீட்டர்களில் கேபிள் 1400 சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டர். கேபிளைக் கழற்றி மீட்டரின் ஓட்டையைக் கையால் திருகி எண்ணினால், கடைசி எண் ஒருமுறை மாற 140 சுற்று ஆக வேண்டும். கடையில் கொடுக்கும் மீட்டர் உங்கள் பழைய மீட்டரின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகாவிட்டால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

டிஜிட்டல் மீட்டர் வண்டிக்கு முதலில் வேகத்தை உணரும் சென்சார் எங்கே என்று பாருங்கள். முன்சக்கரத்தில் என்றால் ஸ்ப்ராக்கெட் எனும் செயின் பல்சக்கரத்தை மாற்றினாலும் மீட்டர் மாறாது. எஞ்சின் பக்கம் முன்ஸ்ப்ராக்கெட் அருகில் என்றால், 15 பல்லுக்குப் பதில் 14 போட்டதுமே ஏழு சதவீதம் கூட்டிக் காட்டும். சென்சார் ஒயருக்கு நடுவே மாட்டும் திருத்தப்பெட்டிகள் கிடைக்கின்றன: ஜிபிஎஸ் வேகத்தை மீட்டர் வேகத்தால் வகுத்து வரும் விகிதத்தை அதில் பதிய வேண்டும். ஆனால் அது வேகத்தையும் கிலோமீட்டரையும் சேர்த்தே மாற்றும். கிலோமீட்டர் சரியாகவும் வேகம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கும் வண்டியில் அந்தப் பெட்டியை மாட்டினால், நன்றாக இருந்த கிலோமீட்டர் கணக்கு கெட்டுவிடும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) இருக்கும் வண்டியில் அந்த ஒயரை வெட்டவே வெட்டாதீர்கள்.

தை மாதம் மறுபடி அதே சுற்றுப்பயணம். உடன் வேலை பார்ப்பவர் 131 எழுதினார். நான் 132. கணக்கர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த ஒரு கிலோமீட்டர் என்னம்மா?" நான் 80/100-17 என்று ஆரம்பித்து, ரிம்மை 25.4ஆல் பெருக்குவது வரை போய்விட்டேன். அதற்குள் அவர் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டிவிட்டார்.