கேன் லைன் பழுதா? இசிஎம்மைக் கழற்றும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்

டேஷ்போர்டில் ஆர்பிஎம் முள் திடீரென்று கீழே விழுகிறது, எச்சரிக்கை விளக்குகள் மொத்தமாக எரிகின்றன, ஸ்கேனரைச் செருகினால் தொடர்பே கிடைக்கவில்லை, ஆனால் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. கனரக வண்டியில் எஸ்பிஎன் 639 என்ற கேன் லைன் பழுதுக் கோடு பதிவாகியிருக்கலாம். கார், வேன் என்றால் ‘யூ’ என்று தொடங்கும் கோடு. இந்த நிலையில்தான் “இசிஎம் போயிட்டுன்னு சொல்லுதாவ அண்ணாச்சி” என்று வண்டிக்காரர்கள் கவலையோடு வருகிறார்கள். இசிஎம் என்றால் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி. வயர், கப்ளர் (வயர்களை இணைக்கும் செருகி), எர்த் மூன்றையும் பார்த்து முடிக்காமல் அதை மாற்ற யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

கேன் என்பது வண்டியிலுள்ள கம்ப்யூட்டர் பெட்டிகள் (மாட்யூல்கள்) ஒன்றோடொன்று பேசிக்கொள்ள, முறுக்கிப் போட்ட இரண்டு வயர்: ஹை, லோ. கனரக வண்டிகளுக்கான ஜே1939 தர வழக்கப்படி ஹை மஞ்சள், லோ பச்சை, ஆனால் எல்லா வண்டியிலும் அதே நிறம் இருக்காது, வயரிங் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும்.

டெஸ்ட் லாம்பை இந்த வயர்களில் தயவுசெய்து வைக்காதீர்கள், அது இழுக்கும் கரண்ட் இந்த லைனுக்கு ஆகாது. நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டரும் மெல்லிய முனை புரோபும் போதும். தடித்த புரோபைக் கப்ளர் துளைக்குள் அழுத்தினால் டெர்மினல் விரிந்து, இல்லாத லூஸ் கான்டாக்ட்டை நாமே உண்டாக்கிவிடுவோம். ஊசியால் வயரைக் குத்தி அளக்கும் பழக்கமும் வேண்டாம். ஐப்பசி மழையில் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும்.

ஃபியூஸ், இசிஎம் பவர், எர்த் எல்லாம் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பவர் கிடைக்காத இசிஎம்மும் கேன் லைன் பழுது மாதிரியேதான் தெரியும்.

முதலில் ஓம் அளவு. ஸ்கேனர் செருகும் சாக்கெட்டில் இந்த இரண்டு பின்களுக்கு நடுவே அளக்க வேண்டும்: 9 பின் சாக்கெட்டில் சி, டி. 16 பின் சாக்கெட்டில் 6, 14. இரண்டு 120-ம் பக்கவாட்டில் சேர்ந்து 60 ஓம் பக்கம் வந்தால் சரி. 120 வந்தால் ஒரு முனை ரெசிஸ்டர் இல்லை, அல்லது வழியில் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. பூஜ்யம் பக்கம் வந்தால் ஹையும் லோவும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 40 வந்தால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டரைச் சேர்த்திருக்கிறார்கள். கீயை ஆஃப் செய்தால் மட்டும் போதாது, பாட்டரி டெர்மினலைக் கழற்றியே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விழித்திருக்கும் ஏதோ ஒரு மாட்யூலால் எண் குதித்துக்கொண்டே இருக்கும், சில நேரம் மைனஸ்கூடக் காட்டும்.

என்னை வெகுநேரம் நிறுத்திவைத்த இடம் அடுத்தது: 60 ஓம் சரியாக வருகிறது, பழுது அப்படியே இருக்கிறது. காரணம் யோசித்தால் எளிது. இரண்டு வயருக்கு நடுவே அளக்கிறோம், அதனால் ஒரு வயர் சேசிஸில் உரசி எர்த் ஆகியிருந்தாலும் மீட்டர் 60தான் காட்டும். மெயின் லைனிலிருந்து இசிஎம்முக்குப் பிரியும் கிளை வயர் அறுந்திருந்தாலும், அந்த இசிஎம்முக்குள் முனை ரெசிஸ்டர் இல்லாவிட்டால், அப்போதும் 60தான். ஆகவே பாட்டரியை மாட்டி, கீ ஆன் செய்து, ஒவ்வொரு வயரையும் எர்த்தோடு வைத்து வோல்ட் பாருங்கள். ஹை 2.5-க்குக் கொஞ்சம் மேலே, லோ கொஞ்சம் கீழே, இரண்டையும் கூட்டினால் 5 வோல்ட் பக்கம் வர வேண்டும். ஒன்று பூஜ்யத்தில் நின்றால் எர்த் ஷார்ட், பாட்டரி வோல்ட் காட்டினால் சப்ளையோடு ஷார்ட். இரண்டும் அசையாமல் 2.5-லேயே நின்றால் லைனில் எதுவும் பேசவில்லை, அல்லது இரண்டும் ஒட்டியிருக்கின்றன. கிளை வயரைப் பார்க்க, பாட்டரியை மறுபடி கழற்றிவிட்டு, சாக்கெட்டிலிருந்து இசிஎம் கப்ளர் வரை ஒவ்வொரு வயருக்கும் தொடர்ச்சி பாருங்கள். ஒருவர் வயரிங்கை அசைக்க, இன்னொருவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஷார்ட் இருந்தால் மாட்யூல்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி) வண்டியில் நான் முதலில் கை வைப்பது புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சாரில்தான். அதுவும் கேன் லைனில் தொங்குகிறது, புகைக்குழாய்ச் சூட்டிலும் தெறிக்கும் தண்ணீரிலும் கிடக்கிறது. எதைக் கழற்றியதும் லைன் உயிர் பெறுகிறதோ, பழுது அதில் அல்லது அதன் வயரில். (முனை ரெசிஸ்டர் உள்ள மாட்யூலைக் கழற்றினால் 120-க்கு ஏறத்தான் செய்யும், பயப்பட வேண்டாம்.)

தூத்துக்குடி உப்பு லோடு அடிக்கும் வண்டி என்றால் சேசிஸ் பக்கக் கப்ளர்களைத் திறந்தே பாருங்கள். பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். பிசான நெல் அறுவடைக்கு அம்பாசமுத்திரம் பக்கம் வரும் அறுவடை இயந்திரங்களில் எலி கடித்த இடத்தையும் தேடுங்கள், சீசன் இல்லாத மாதங்களில் சும்மா நிற்கும்போதுதான் எலி குடியேறும்.

ஒட்டுப் போடும்போது முறுக்கை விடாதீர்கள். இரண்டு வயரையும் நீளமாகப் பிரித்துவிட்டு இன்சுலேஷன் டேப் சுற்றினால் மின் இரைச்சல் புகுந்து பழுது திரும்பி வரும். பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய்தான் போட வேண்டும்.

பின்சேர்க்கை: வள்ளியூரில் ஒரு டிப்பர்காரர் இதன்படி எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்று கேட்டார். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஜிபிஎஸ் கருவி ஒன்றை நேராகக் கேன் வயரிலேயே ஒட்டியிருந்தார்கள். அதைப் பிரித்ததும் சரியாகிவிட்டது. வெளியிலிருந்து மாட்டிய சாமான் எதுவாக இருந்தாலும் முதலில் கழற்றிவிட்டு அளக்கத் தொடங்குங்கள். இன்னொன்று, சில வண்டிகளில் சாக்கெட்டுக்கும் இன்ஜின் லைனுக்கும் நடுவே கேட்வே மாட்யூல் (செய்திகளை வாங்கிக் கடத்தும் இடைப்பெட்டி) இருக்கும், அந்த வண்டிகளில் சாக்கெட்டில் வரும் ஓம் அளவு இன்ஜின் லைனுடையது அல்ல, இசிஎம் பக்கத்துக் கப்ளரில்தான் அளக்க வேண்டும்.