பத்து சென்டிமீட்டர் மரங்கொத்தி: சாவ் பாவ்லோவில் தேடுவதற்குப் பெங்களூரிலேயே பழகிக்கொள்வது எப்படி

ஆபீஸ் வேலையாகப் பிரேசில் போகிற பெங்களூர்க்காரர்களில் பறவை பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள், டூக்கான், மக்காவ் என்று பெரிய பெயர்களாகத்தான் பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். போடுங்கள், தப்பில்லை. ஆனால் கையில் இருப்பது ஒரே ஒரு சனிக்கிழமை காலை, போக முடிவது ஹோட்டலுக்குப் பக்கத்தில் உள்ள பூங்காவுக்கு மட்டும் என்றால், எதைத் தேடலாம் என்று என்னைக் கேட்டால் பிக்குலெட் என்றுதான் சொல்வேன். மரங்கொத்திக் குடும்பம்தான். ஆனால் மொத்த நீளமே சுமார் 10 சென்டிமீட்டர், எடையும் கிட்டத்தட்ட 10 கிராம். நம் மொட்டைமாடிச் செம்பருத்திக்கு வரும் ஊதாப்பிட்டத் தேன்சிட்டும் ஏறக்குறைய அதே அளவுதான். அவ்வளவு சிறிய உடம்பை வைத்துக்கொண்டு மரத்தைக் கொத்தி வீடு கட்டுகிறது.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். பிக்கும்னஸ் என்ற பேரினத்தில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, ஏறக்குறைய எல்லாமே தென் அமெரிக்காவில். பேரினத்துக்குப் பெயர் வைத்தவர் டெம்மின்க் என்ற டச்சு விலங்கியலாளர், வருடம் 1825. சாவ் பாவ்லோ பக்கம் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு இனங்கள். ஒன்று வெண்பட்டைப் பிக்குலெட், விஞ்ஞானப் பெயர் பிக்கும்னஸ் சிர்ராட்டஸ். கயானா பக்கம் தொடங்கி பிரேசில், பொலிவியா, பராகுவே, வட அர்ஜென்டினா வரைக்கும் பரவியிருக்கிறது. இன்னொன்று காவிக்கழுத்துப் பிக்குலெட், பிக்கும்னஸ் டெம்மின்கி. இது தென்கிழக்கு பிரேசில், கிழக்கு பராகுவே, வடகிழக்கு அர்ஜென்டினா என்று அட்லாண்டிக் காட்டுப் பகுதியோடு நின்றுவிடும் பறவை. தமிழ்ப் பெயர்கள் நான் வசதிக்காக வைத்தவை, புத்தகத்தில் தேடாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். பிக்குலெட்டைத் தேடும்போது மரங்கொத்தியைத் தேடாதீர்கள். மரங்கொத்தி என்றதும் நம் கண் தானாக அடிமரத்துக்குப் போகும், ஏனென்றால் லால்பாக்கிலும் கப்பன் பூங்காவிலும் நாம் பார்த்துப் பழகிய பொன்முதுகு மரங்கொத்தி அங்கேதான் வாலை முட்டுக்கொடுத்து நிற்கும். அந்த வால் இறகுகள் விறைப்பானவை, அவைதான் அதற்கு மூன்றாவது கால். பிக்குலெட்டுக்கு அது கிடையாது. குட்டையான, மெத்தென்ற வால், அதை ஊன்றி நிற்க முடியாது. அதனால் அடிமரத்துக்கு வருவது குறைவு. பென்சில் பருமனும் இல்லாத நுனிக் குச்சிகள், கொடிகள், மூங்கில் இவற்றில்தான் திரியும், தலைகீழாகவும் தொங்கும், மற்ற குருவிகள் போலக் கிளைக்குக் குறுக்காகவும் உட்காரும். கால் விரல்கள் மட்டும் மரங்கொத்திக்கே உரியபடி முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.

ஆக, பழகவேண்டியது குச்சியைப் பார்ப்பதற்கு. அதைப் பெங்களூரிலேயே செய்யலாம். நமக்கு இங்கே பழுப்பு உச்சி கொண்ட குட்டி மரங்கொத்தி ஒன்று இருக்கிறது, சுமார் 13 சென்டிமீட்டர், இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் வாழ்வது. பன்னேர்கட்டா பக்கத்துக் காட்டோரங்களில் தேடினால் கிடைக்கும். அதற்கு விறைப்பான வால் உண்டு, பிக்குலெட்டுக்கு நெருங்கிய சொந்தமும் இல்லை, ஆனால் மெல்லிய கிளைகளில் மேயும் வழக்கம் ஒன்றுதான், கண்ணுக்குப் பயிற்சி அதுவே போதும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பல மரங்கள் இலை உதிர்த்து நிற்கும்போது போங்கள். காலை ஆறரைக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும், ஒன்பதுக்கு மேல் வெயிலும் ஏறிவிடும் டிராஃபிக்கும் ஏறிவிடும்.

போனதும் தனிப்பறவையைத் தேடாமல் கூட்டத்தைத் தேடுங்கள். சாம்பல் சிட்டு, மாம்பழச் சிட்டு, மின்சிட்டு எல்லாம் ஒன்றாகக் கலந்து மரத்துக்கு மரம் தாவிப் போகும் கும்பல் ஒன்று கண்ணில் பட்டால் அப்படியே நில்லுங்கள். நடக்காதீர்கள், கும்பல் உங்களைத் தாண்டிப் போகட்டும். கடைசியாகப் போகிற பறவைகளில் ஒன்று ஒரே குச்சியில் கொஞ்ச நேரம் தங்கி, டிக் டிக் என்று தட்டிக்கொண்டிருந்தால் அதுதான் நம் ஆள். இந்த வித்தை அட்லாண்டிக் காட்டிலும் அப்படியே பலிக்கும், ஏனென்றால் பிக்குலெட்டுகளும் இப்படிக் கலப்புக் கூட்டங்களோடு சேர்ந்து திரியும் பறவைகள். ஊருக்குள்ளேயே பழகவேண்டும் என்றால் கப்பன் பூங்காவின் மூங்கில் புதர்ப் பக்கம் நின்று தையல்சிட்டைப் பைனாகுலரில் ஒரு நிமிஷம் தொடர்ந்து பின்தொடர முடிகிறதா என்று பாருங்கள். கேட்க எளிது, செய்துபார்த்தால் தெரியும். லால்பாக்கில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலையில் பறவை ஆர்வலர்கள் கூடும் வழக்கம் பல வருடங்களாக இருக்கிறது, புதிதாகத் தொடங்குகிறவர்கள் அங்கே போய் நின்றாலே பாதி வேலை முடிந்தது.

பைனாகுலர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர், அது போதும். பத்து மடங்கு வாங்கினால் காட்சி குறுகிவிடும், இலைக்குள் இருக்கும் பத்து கிராம் பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்துவிடும்.

அப்புறம் காது. குட்டி மரங்கொத்திகளைப் பெரும்பாலும் முதலில் காதுதான் கண்டுபிடிக்கும், கண் பிறகு. பிக்குலெட்டின் குரல் மெல்லிய, உச்ச சுருதியில் தொடங்கிக் கீழே இறங்கும் ஒரு நடுக்கம், கவனிக்காவிட்டால் பூச்சிச் சத்தம் என்று விட்டுவிடுவோம். ஸீனோ-கான்டோ என்ற இணையதளத்தில் இந்தக் குரல்கள் இலவசமாகவே இருக்கின்றன. அந்தத் தளம் 2005இல் தொடங்கியதே தென் அமெரிக்கப் பறவைகளின் குரலுக்காகத்தான், பிறகுதான் உலகம் முழுக்க விரிந்தது. சில்க் போர்டு ஜங்ஷனில் நிற்கிற நேரத்தில் ஹெட்போனில் அந்த இரண்டு இனங்களையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள், டிராஃபிக்குக்கு அப்படியாவது ஒரு பிரயோஜனம் இருக்கட்டும். இரண்டு குரலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும், குரலை வைத்து எந்த இனம் என்று பிரிக்க முயலாதீர்கள், பிக்குலெட் என்று காது சொன்னால் போதும்.

போனில் பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி ஏற்கெனவே இருக்கும். அதில் பிரேசிலுக்கான பறவைத் தொகுப்பைத் தனியாக இறக்க வேண்டும், வீட்டு வைஃபையிலேயே முடித்துவிடுங்கள். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைப் பதிவு செய்யும் இபேர்ட் தளத்தில் சாவ் பாவ்லோ பூங்காக்களின் பெயரைப் போட்டு, நீங்கள் போகிற மாதத்தில் எங்கே பிக்குலெட் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பிரேசில்காரர்களே நடத்தும் விக்கிஆவெஸ் என்ற தளமும் உண்டு, மொழி போர்ச்சுகீஸ்தான், படங்களுக்கு மொழி தேவையில்லையே. பூங்காவில் யாரையாவது கேட்க வேண்டி வந்தால் பிகாபாவ்-அனாவ் என்று சொல்லிப் பாருங்கள், குள்ள மரங்கொத்தி என்று புரிந்துகொள்வார்கள்.

இனி பறவை பார்ப்பவர்கள் பலர் கடைசி வாரம் வரை மறக்கும் சமாச்சாரம்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால் தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். பெங்களூரில் அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போட வேண்டும், அதற்கென்று நாள், நேரம் இருக்கும், விசா வேலை தொடங்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். முட்டை அலர்ஜி இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். இது வெறும் காகிதச் சடங்கு இல்லை: 2017 அக்டோபரில் சாவ் பாவ்லோவின் வடக்குப் பக்கம் உள்ள ஹோர்ட்டோ ஃப்ளோரெஸ்டல் பூங்காவில் ஒரு குரங்கு மஞ்சள் காய்ச்சலால் இறந்ததும் பூங்காவையே மூடினார்கள். நாம் நிற்கப்போவது அதே மாதிரிக் காட்டோரங்களில்தான்.

அங்கே போனதும் வார நாளில் முயற்சி செய்யாதீர்கள். அங்கே காலை ஆறு என்றால் இங்கே மதியம் இரண்டரை, இங்கிருக்கும் டீம் உங்களைக் கூப்பிடத் தோதான நேரம். சனி, ஞாயிறு வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை அங்கே வசந்தம், பறவைகள் அதிகம் குரல் கொடுக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை, காலை நேரம் மட்டும் தப்பும். போனைத் தெருவில் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், ஊர்க்காரர்களே இதைத்தான் முதலில் சொல்வார்கள், கேமராவும் பூங்காவுக்குள் போகும்வரை பைக்குள்ளேயே இருக்கட்டும்.

பறவை கிடைத்துவிட்டது, இப்போது எந்த இனம்? இரண்டுக்குமே தலை உச்சி கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். ஆணுக்கு நெற்றிப் பக்கம் சிவப்பு, பெண்ணுக்கு அது இல்லை. இரண்டுக்கும் வயிற்றில் வெள்ளையும் கறுப்புமாக மெல்லிய குறுக்குக் கோடுகள், கறுப்பு வாலில் வெள்ளைக் கோடுகள். ஆகவே வயிற்றைப் பார்த்துக்கொண்டு நேரத்தை வீணாக்காமல் கன்னத்தையும் பின்கழுத்தையும் பாருங்கள். அங்கே காவி கலந்த மஞ்சள் பூசியிருந்தால் டெம்மின்கி. வேறு நிறம் இல்லாமல் பழுப்பும் வெள்ளையும்தான் என்றால் சிர்ராட்டஸ். கொஞ்சம் காவி இருக்கிறது, ஆனால் இல்லை போலவும் இருக்கிறது என்றால் உங்கள் கண்ணில் கோளாறு இல்லை, இந்த இரண்டும் எல்லை சேரும் இடங்களில் கலந்து குஞ்சு பொரிக்கின்றன. இப்படிப்பட்டதை இபேர்டில் இரண்டில் ஒன்று என்று போடும் வசதி இருக்கிறது, அதையே போடுங்கள். பட்டியலில் ஒன்று கூடட்டும் என்பதற்காகத் துணிந்து ஒரு பெயரை எழுதுவது யாருக்கும் உதவாது.

பெயர் தெரிந்ததும் நகர்ந்துவிடாதீர்கள், விருந்தே அதற்குப் பிறகுதான். இதன் சாப்பாட்டில் பெரும்பகுதி எறும்பும் எறும்பின் முட்டை, கூட்டுப்புழுவும். காய்ந்த குச்சிக்குள் குடியிருக்கும் எறும்புக் கூட்டத்தைத் தட்டித் தட்டிக் கண்டுபிடித்து, சிறு துளை போட்டு, நீண்ட நாக்கை உள்ளே விட்டு எடுக்கும். ஒரு குச்சியில் சரக்கு இருந்தால் நிமிஷக்கணக்கில் அங்கேயே இருக்கும், நீங்கள் அசையாமல் நின்றால் அது உங்களைக் கண்டுகொள்ளாது. பட்டுப்போன மெல்லிய கிளைகளில் காசு அளவு வட்டத் துளை தெரிகிறதா என்றும் பாருங்கள். முட்டையிடுவதும் அதற்குள்தான், இரவில் தூங்குவதும் அப்படிப்பட்ட பொந்தில்தான். முட்டைகள் வெள்ளை, ஆண் பெண் இரண்டுமே அடைகாக்கும். பொந்து கண்ணில் பட்டால் தள்ளி நின்று பாருங்கள், சின்னக் கிளை என்பதால் பக்கத்தில் போய் ஆட்டினால் எல்லாமே ஆடும்.

பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் போட்டு வரவழைக்கும் பழக்கம் வேண்டாம். குஞ்சு வளர்க்கும் நேரத்தில் தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது வேலையை விட்டுவிட்டு அலையும். நகரப் பூங்காவில் உங்களுக்கு முன்னால் வந்தவரும் அதையே செய்திருப்பார், பின்னால் வருகிறவரும் செய்வார்.

பிரேசில் டிக்கெட்டெல்லாம் யார் தருவார் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆசியாவிலும் ஒரு புள்ளிப் பிக்குலெட் உண்டு, அதுவும் சுமார் 10 சென்டிமீட்டர்தான், இமயமலையிலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது. பச்சை கலந்த முதுகு, வெள்ளை வயிற்றில் கறுப்புப் புள்ளிகள், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, அதன் மேலும் கீழும் வெள்ளைக் கோடு. குடகு, வயநாடு, நீலகிரி என்று வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிப் போய்வரும் தூரத்தில் மூங்கில் கலந்த ஈரக்காடு எங்கே இருந்தாலும் முயலலாம். மூங்கிலில் இது தட்டும் சத்தம் உடம்பு அளவுக்குப் பொருந்தாத அளவு பெரிதாகக் கேட்கும், அதைப் பிடித்துக்கொண்டே போங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை போனால் அட்டை தொல்லை குறைவு. ஜூன், ஜூலையில்தான் லீவு கிடைத்தது என்றால் அட்டைக்கான சாக்ஸ் போட்டுக்கொண்டு, காட்டிலாகா அனுமதி உள்ள பாதையிலேயே நடங்கள்.