மலையக மேடைக்கு ஒரு மெஜிக் பெட்டி: துண்டுப் பலகையிலும் துண்டுக் குழாயிலும் செய்யும் முறை

சிறுவர் தினம், பாடசாலைக் கலை விழா, தோட்டத்துக் கோயில் திருவிழா என்று எங்கே மெஜிக் காட்டுவதானாலும், பெட்டி செய்ய உட்காரும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பார்க்கிறவர்கள் எந்த உயரத்தில் இருப்பார்கள்? இணையத்தில் கிடைக்கும் அளவுகள் பெரும்பாலும் சமதள மண்டபத்தை நினைத்துப் போட்டவை. நம் பக்கம் மேடை பெரட்டுக்களத்தில் (காலையில் தோட்டத் தொழிலாளர் வேலைக்குக் கூடும் இடம்) இருக்கும், பாதிச் சனம் மேட்டில் இருக்கும் மேல் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) வாசலில் நின்று பார்க்கும். மேலிருந்து பார்க்கிற கண்ணுக்குப் பெட்டிக்குள் இருப்பது தெரிந்துவிடும். அதனால் கீழே உள்ள அளவுகள் அந்த மேல் லயத்துக் கண்ணையும் சேர்த்துக் கணக்குப் போட்டவை.

செய்யப்போவது ‘சதுர வட்டம்’. லூயிஸ் ஹிஸ்டெட் என்ற ஆங்கிலேய மெஜிக் கலைஞரின் கண்டுபிடிப்பாகச் சொல்லப்படுவது. முன்பக்கம் ஜன்னல் வைத்த சதுரக் கூடு ஒன்று, அதற்குள் நிற்கும் வட்டக் குழாய் ஒன்று. இரண்டும் மேலும் கீழும் திறந்தவை, இரண்டையும் தனித்தனியே காலி என்று காட்டுவீர்கள். பிறகு உள்ளிருந்து கைக்குட்டையும் மாலையும் வந்துகொண்டே இருக்கும். சபைக்குத் தெரியாமல் மூன்றாவதாக ஒரு குழாய் வட்டக் குழாய்க்குள் நிற்கிறது, அவ்வளவுதான். அதன் வெளிப்பக்கம் கறுப்பு, கூட்டின் உட்பக்கமும் அதே கறுப்பு. பளபளக்கும் ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் கறுப்பின் மேல் கறுப்பைக் கண்ணால் பிரிக்க முடியாது. 1880களில் பெர்லினில் மாக்ஸ் ஔசிங்கர் மேடை முழுவதையும் கறுப்புத் துணியால் மூடிச் செய்த வித்தையின் குட்டி வடிவம் இது.

என்னென்ன வேண்டும்

4 மி.மீ. பிளைவூட்டில் 23 செ.மீ. உயரத்தில் நான்கு துண்டுகள்: 14 செ.மீ. அகலத்தில் இரண்டு, 14.8 செ.மீ. அகலத்தில் இரண்டு. தளபாடம் செய்யும் பட்டறையில் வெட்டுத் துண்டாகக் கேட்டால் மலிவாகவோ சும்மாவோ தருவார்கள். தேயிலை இப்போது காகிதச் சாக்கில்தான் போகிறது, ஆனாலும் பழைய பிளைவூட் பெட்டி வீட்டில் கிடந்தால் அந்தப் பலகையே போதும். வெட்டுமுன் தடிப்பை அளந்துகொள்ளுங்கள். 3 மி.மீ. என்றால் பெரிய துண்டுகளின் அகலம் 14.6 ஆகும். அட்டைப்பெட்டியில் செய்யலாமா என்றால், செய்யலாம், ஆனால் ஒரு மாலை மூடுபனி பட்டாலே வாய் கோணிவிடும்.

110 மி.மீ. பி.வி.சி. குழாயில் 30 செ.மீ. துண்டு ஒன்று (மேசன்மாரிடம் கேளுங்கள்), பிரிஸ்டல் போர்ட் (தடித்த அட்டைத் தாள்) ஒன்று, ஐஸ்கிரீம் குச்சி ஏழு, 1 செ.மீ. சதுர ரீப்பை (ஒடுக்கமான மரச்சட்டம்) 22 செ.மீ. நீளத்தில் நான்கு, அரை அங்குல ஆணி, கெமிபிக்ஸ் மாதிரியான வெள்ளைப் பசை, சப்பாத்துத் தைப்பவர்கள் பாவிக்கும் மஞ்சள் கம், கறுப்பு வெல்வெட் கால் மீட்டர். 44 அங்குல அகலத் துணியானால் கால் மீட்டர் சரியாகப் போதும். கூட்டின் உட்சுற்று 56 செ.மீ., கறுப்புக் குழாய்க்கு 36 செ.மீ., மொத்தம் 92. காசு செலவழிப்பதானால் இந்த வெல்வெட்டுக்குச் செலவழியுங்கள். மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடிக்கலாம்.

வட்டக் குழாய்

முதலில் இதைத்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் பி.வி.சி. குழாய்தான் இதற்கு அச்சு. அவசரப்பட்டுக் குழாயை வெட்டிவிட்டால் அச்சு கட்டையாகிவிடும்.

குழாயின் மேல் பழைய பத்திரிகைத் தாளை இறுக்கமாகச் சுற்றிக்கொண்டே போங்கள். சுற்றளவு 39.3 செ.மீ. வந்ததும் நிறுத்தி ஒட்டுநாடா போடுங்கள், விட்டம் 125 மி.மீ. ஆகியிருக்கும். அதன்மேல் பொலித்தீன் ஒரு சுற்று. பிரிஸ்டல் போர்டை 25 செ.மீ. அகலப் பட்டிகளாக இரண்டு வெட்டி, முனையோடு முனை சேர்த்து, பசை தடவி மூன்று சுற்றுச் சுற்றுங்கள். கடைசியில் 1 செ.மீ. மேலேறினால் போதும், மிச்சத்தை வெட்டிவிடுங்கள். ரப்பர் வளையம் போட்டுக் காயவிடுங்கள்.

காய்வதில்தான் மலைநாட்டுக் கஷ்டம். வெள்ளைப் பசை ஏறக்குறைய 10 பாகை செல்சியஸுக்குக் கீழ் குளிர்ந்தால் பிடிப்பில்லாமல் சுண்ணாம்புத் தூள்போல் வெளுத்துப் போகும். நுவரெலியாவில் ஜனவரி இரவுகள் அதைவிடக் குளிரும். காலையில் ஒட்டி, இரவில் அடுப்படியில் அடுப்பிலிருந்து நாலைந்து அடி தள்ளி வையுங்கள். கிட்ட வைத்தால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து குழாய் முட்டை வடிவாகிவிடும். இரண்டு நாள் கழித்து உள்ளே இருக்கும் பத்திரிகைத் தாளை உருவினால் அச்சு தானாகக் கழன்று வரும்.

உட்பக்கத்துக்கு வெள்ளை அல்லது இளமஞ்சள் பூசுங்கள். வெளிச்சம் பட்டு உள்ளே காலி என்பது தூரத்துக்கும் தெரியும். வெளிப்பக்கம் உங்கள் விருப்பம். இரண்டு பக்கமும் பெயின்ட் பட்டால்தான் ஈரம் ஏறாது, ஓரங்களை விட்டுவிடாதீர்கள்.

கறுப்புக் குழாய்

இப்போது பி.வி.சி.யை 18 செ.மீ.க்கு வெட்டுங்கள். நேராக வெட்ட, ஒரு தாளைக் குழாயில் சுற்றி ஓரம் ஓரத்தோடு பொருந்த வைத்துக் கோடு போட்டால் போதும்.

ஏன் 18? வழக்கமாக இந்தக் குழாய் கூட்டைவிட 2 செ.மீ.தான் குறைவாக இருக்கும். கூடு 23 என்றால் குழாய் 21. கூட்டின் முன் விளிம்பிலிருந்து குழாயின் பின் விளிம்பு 12.5 செ.மீ. தள்ளியிருக்கிறது. 12.5க்கு 2 என்ற சரிவைத் தாண்டி ஒருவர் மேலிருந்து பார்த்தால் விளிம்பு தெரியத் தொடங்கும். 10 மீட்டர் தூரத்தில் அது பெட்டியின் வாயைவிட வெறும் 1.6 மீட்டர் உயரம். மேல் படிக்கட்டில் நிற்கும் ஒரு பிள்ளைக்கே தெரிந்துவிடும். குழாயை 18 ஆக்கினால் சரிவு 12.5க்கு 5. அதே 10 மீட்டரில் 4 மீட்டர் மேலே நின்றால்தான் தெரியும். உள்ளே அடைப்பது கொஞ்சம் குறையும். பரவாயில்லை, ஒரு லீட்டருக்கு மேலேயே இடம் இருக்கிறது.

அடிக்குப் பிளைவூட் வட்டம் ஒன்றைக் குழாயின் உள்விட்டம் அளந்து வெட்டி மஞ்சள் கம்மால் ஒட்டுங்கள். அதன்மேல் சிறு பையில் 200 கிராம் மணல் வைத்து இன்னொரு அட்டையால் மூடுங்கள். இந்தப் பாரம் இல்லாவிட்டால் வட்டக் குழாயைத் தூக்கும்போது கறுப்புக் குழாயும் கூடவே எழும்பி வந்துவிடும்.

பி.வி.சி.யில் வெள்ளைப் பசை ஒட்டாது. மணல் தாளால் உரசி, மஞ்சள் கம் பூசி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வந்ததும் வெல்வெட்டைச் சுற்றுங்கள். வெல்வெட்டுக்கு மயிர்ப்போக்கு உண்டு. கையால் தடவிப் பாருங்கள், வழுவழுவென்று போகும் திசை மேல் நோக்கி இருக்க வேண்டும், அப்படி வைத்தால்தான் கறுப்பு ஆழமாகத் தெரியும். கூட்டுக்குள்ளும் அதே திசை, அதே துணி. வேறு துணியின் கறுப்பு வேறு கறுப்பு, விளக்கடியில் இரண்டும் பிரிந்து நிற்கும்.

குழாயின் மேல் வாய் விளிம்பை மறந்துவிடுபவர்களே அதிகம். வெட்டிய பி.வி.சி. விளிம்பு சாம்பல் வளையமாகப் பளிச்சென்று தெரியும். விளிம்புக்கும் உட்பக்கம் 3 செ.மீ. ஆழத்துக்கும் கரும்பலகைப் பெயின்ட் இரண்டு பூச்சு பூசுங்கள். மினுங்கும் எனாமல் கறுப்பு கூடாது, அது கறுப்புக் கண்ணாடி மாதிரி.

சதுரக் கூடு

முன்பலகையில் (14.8 × 23) மேலும் கீழும் 3 செ.மீ., இரு பக்கமும் 2.8 செ.மீ. விட்டு ஜன்னல் வெட்டுங்கள். 9.2 செ.மீ. அகலமும் 17 செ.மீ. உயரமும் வரும். நான்கு மூலையிலும் துளை போட்டு, கூர்க்கத்தியால் பல தடவை கீறி எடுத்தால் விளிம்பு பிளக்காது.

பலகைகளைச் சேர்க்கும் முன் உட்பக்கத்தில் வெல்வெட்டை ஒட்டிவிடுங்கள், பிறகு கை நுழையாது. ரீப்பை இருக்கும் ஓரத்தில் 1 செ.மீ. விட்டு ஒட்டுங்கள், ரீப்பைக்குக் கரும்பலகைப் பெயின்ட். 14 செ.மீ. பலகைகள் உள்ளே, 14.8 வெளியே, மூலைக்கு மூலை ரீப்பை, பசை, ஆணி. வட்டக் குழாய் மூலை வரை வராது, அதனால் ரீப்பை இடிக்காது.

வெளிப்பக்கம் சிவப்போ மஞ்சளோ பூசுங்கள். மழைக் காலத்தில் எனாமல் ஒரு நாளில் காயாது, மூன்று நாள் வையுங்கள். ஐஸ்கிரீம் குச்சிகளுக்கு வெள்ளிநிறம் பூசி, ஜன்னலுக்குக் குறுக்கே 12.5 மி.மீ. இடைவெளி விட்டு ஏழையும் ஒட்டுங்கள். அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். கண் வெள்ளிநிறத்துக்குப் பழகுவதால்தான் பின்னால் இருப்பது வெறும் இருட்டாகத் தெரிகிறது.

காட்டும் ஒழுங்கு

கறுப்புக் குழாயை நிரப்புங்கள். மெல்லிய சேலையை 18 அங்குலச் சதுரங்களாக வெட்டி ஓரம் தைத்த கைக்குட்டைகள் நன்றாக அமுங்கும். கிரேப் தாள் மாலை பனியில் துவண்டு சாயமும் விடும், அதைத் தவிருங்கள். வாயிலிருந்து 2 செ.மீ. கீழோடு நிறுத்துங்கள். அதை மேசையில் நிறுத்தி, மேலே வட்டக் குழாயையும் அதற்கு வெளியே கூட்டையும் போடுங்கள், ஜன்னல் சபையைப் பார்க்கட்டும்.

வட்டக் குழாயை நேராக மேலே தூக்கி எடுத்து, அதன் வழியே சபையைப் பாருங்கள், திரும்ப வையுங்கள். பிறகு கூட்டைத் தூக்கி, கையை உள்ளே விட்டுக் காட்டி, திரும்ப வையுங்கள். முதலில் வட்டம், அடுத்தது சதுரம். இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் எடுத்தால் மேசையில் கறுப்புக் குழாய் தனியாக நிற்கும். சொல்லும்போது சிரிப்பு வரும், பதற்றத்தில் நடக்கும். வட்டக் குழாயின் வெள்ளை உட்பக்கத்தில் கறுப்பு வெல்வெட் மயிர் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

விளக்கு முன்னாலிருந்து வர வேண்டும். பெட்டிக்குப் பின்னால் பல்ப் எரிந்தால் எந்த வெல்வெட்டும் காப்பாற்றாது. முன்வரிசை ஆறு அடி தள்ளி இருக்கட்டும்.

சனம் முழுவதும் மேலே இருந்தால்

4 மீட்டருக்கும் மேலே படிப்படியாகச் சனம் உட்காரும் மைதானமானால், சதுர வட்டத்தை விட்டுவிட்டுக் கண்ணாடிப் பெட்டி செய்யுங்கள். 1865 ஒக்டோபர் 16இல் லண்டன் எஜிப்ஷியன் ஹோல் அரங்கில் ஸ்டோடேர் என்ற மெஜிக் கலைஞர் மேசைமேல் காட்டிய பேசும் ‘ஸ்பிங்ஸ்’ தலையின் ரகசியமும் மேசைக் கால்களுக்கிடையே கோணமாக நிறுத்திய கண்ணாடிகள்தான்.

உள்ளளவு 28 செ.மீ. சதுரப் பெட்டி, முன்னால் கதவு, மேலே மூடி. 28 × 39.3 செ.மீ. கண்ணாடியை முன் மேல் விளிம்பிலிருந்து பின் அடி மூலைக்கு 45 பாகையில் சாய்த்து, முகம் கீழ் நோக்கப் பொருத்துங்கள். அடித்தளத்தின் பிம்பம் பின்சுவர் போலத் தெரியும், பொருட்கள் கண்ணாடிக்கு மேலே ஒளிந்திருக்கும், மூடியைத் திறந்து எடுக்கலாம். மேலிருந்து பார்ப்பவருக்குத் தரைதான் தெரியும். மாறாக, கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு மேசையின் முன்பக்கம் தெரிந்துவிடும். அதனால் மேசை தாழ்வாக இருக்கட்டும். உள்ளே ஒரே நிறத் தாள் ஒட்டுங்கள், கோடு போட்டது வேண்டாம். கதவு திறந்திருக்கும்போது கையை உள்ளே விடாதீர்கள், இரண்டு கை தெரியும்.

வெளிக் குளிரிலிருந்து சனம் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்த கண்ணாடி உடனே ஆவி பிடிக்கும். அரை மணி நேரம் முன்பே உள்ளே வைத்து, துளி சவர்க்காரம் தடவி, தெரியாமல் போகும்வரை துடைத்துவிடுங்கள்.

எந்தப் பெட்டியானாலும் காட்சிக்கு முன் ஒருவரை மேல் லயத்து வாசலுக்கு அனுப்பி, அங்கிருந்து போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். போன் கெமரா இருட்டில் இருப்பதைச் சிலவேளை கண்ணைவிடத் தெளிவாகக் காட்டும். அதில் கறுப்புக் குழாயின் விளிம்பு தெரிந்தால் மேசையை இரண்டு அடி பின்னுக்குத் தள்ளிவிட்டு இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்கள்.