சாலையின் வாகனப் புகையை ஏர்மாடுக்குள் கொண்டுபோவது எப்படி?

சாலையோரக் காற்று எவ்வளவு கெடுகிறது என்று கணிக்க, அந்தச் சாலை ஒரு மணி நேரத்தில் எவ்வளவு உமிழ்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். மாசு காற்றில் எப்படிப் பரவும் என்று கணிக்கும் கணினி நிரலான ஏர்மாடை (AERMOD) நிறுவி, வானிலைக் கோப்பும் தயார் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: வாகனங்களை வகை வாரியாக எண்ணுங்கள்

மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. மணிக்கு 700 கார், 250 இரு சக்கர வண்டி, 50 லாரி என்று வைப்போம். இரண்டு திசைகளும் சேர்ந்த எண்ணிக்கையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: உமிழ்வுக் காரணியால் பெருக்குங்கள்

ஒரு வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடினால் எத்தனை கிராம் வெளிவிடும் என்பதுதான் உமிழ்வுக் காரணி. இதைக் கணக்கிட ஐரோப்பாவில் கோப்பர்ட் (COPERT), அமெரிக்காவில் மூவ்ஸ் (MOVES) என்ற மென்பொருள்கள் இருக்கின்றன. புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் கோப்பர்ட்டைத்தான் சொல்வேன். சராசரி வேகத்தைக் கொடுத்தால் காரணி கிடைத்துவிடும். ஆனால் அந்த வேகம் சிக்னலில் நின்ற நேரத்தையும் சேர்த்தது: தூரத்தைப் பயண நேரத்தால் வகுத்தது. ஓடும் வண்டியை வேகமானியால் அளந்த எண்ணைப் போடாதீர்கள்.

நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு, பழகுவதற்காக மட்டும், காருக்கு 0.4, இரு சக்கர வண்டிக்கு 0.1, லாரிக்கு 5 கிராம் என்று வைப்போம். 280 + 25 + 250 = 555 கிராம். நூற்றுக்கு ஐந்தே லாரிதான், ஆனால் உமிழ்வில் ஏறக்குறைய பாதி அவற்றுடையது. வகை பிரித்து எண்ணச் சொன்னது இதனால்தான்.

படி 3: அலகை மாற்றுங்கள்

கையில் இருப்பது ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு மணிக்கு 555 கிராம். 36 லட்சத்தால் வகுத்தால் மீட்டருக்கு, நொடிக்கு 0.000154 கிராம். ஏர்மாடில் புகை வரும் இடத்துக்கு ‘மூலம்’ என்று பெயர். சாலையைக் குறிக்கும் கோட்டு மூலம் (line source) உமிழ்வைச் சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று கேட்கும், அதனால் சாலை அகலத்தாலும் வகுக்க வேண்டும். 14 மீட்டர் என்றால் 0.000011. இதை விரிதாளில் செய்வதைவிடப் பைத்தானில் எழுதி வைப்பது நல்லது. எந்த எண்ணை எதால் வகுத்தோம் என்று பிறகு படித்துப் பார்க்கலாம்.

படி 4: 24 மணிக்கும் பிரியுங்கள்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். நாள் மொத்தத்தை 24ஆல் வகுத்து ஒரே எண்ணாகக் கொடுத்திருந்தேன். அதிக மாசு விடியற்காலை 3 மணிக்கு வந்தது! வானிலைக் கோப்பில்தான் தப்பு என்று இரண்டு நாள் தேடினேன். அதில் ஒரு குறையும் இல்லை. இரவில் காற்று மெதுவாக வீசும், தரை குளிர்ந்திருக்கும், புகை மேலே எழாமல் தரையோடு தங்கிவிடும். அந்த நேரத்தில் சாலையில் இல்லாத வண்டிகளின் புகையையும் நான் ஊற்றியிருந்தேன்.

வேறொரு சாலையில் நாளுக்கு 12,000 வண்டி என்றால் மணிக்குச் சராசரி 500. காலை நெரிசலில் 900 போனால் பெருக்கி 1.8. விடியற்காலை 60 என்றால் 0.12. இப்படி 24 பெருக்கிகளை ஏர்மாடின் உள்ளீட்டுக் கோப்பில் எமிஸ்ஃபேக்ட் (EMISFACT) வரியில் கொடுங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 24 வர வேண்டும், வராவிட்டால் நாள் மொத்தம் மாறிவிட்டது என்று பொருள். லாரிகள் இரவில்தான் அதிகம் ஓடும் சாலை என்றால் லாரியைத் தனி மூலமாக வைத்து, அதற்குத் தனிப் பெருக்கி கொடுங்கள்.

பிற்சேர்க்கை: இதன்படி செய்த ஒருவருக்கு நெரிசல் உச்சம் ஒரு மணி நேரம் தள்ளி வந்தது. ஏர்மாடில் 8ஆம் மணி என்றால் 7 முதல் 8 வரை. கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இன்னொரு மணி நேரமும் நகரும், ஏனென்றால் வானிலைக் கோப்பு கடிகாரம் மாற்றாத திட்ட நேரத்திலேயே இருக்கும்.

இன்னொருவர் நுண்துகளுக்கும் இதே வழியா என்று கேட்டார். வழி இதேதான், ஆனால் புகைக்குழாயோடு நிறுத்தக் கூடாது. பிரேக், டயர் தேய்மானத்தைக் கோப்பர்ட் கணக்கிடும். சக்கரம் கிளப்பும் சாலைத் தூசியை அது கணக்கிடாது. அதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் ஏபி-42 தொகுப்பில் தனிச் சூத்திரம் உண்டு. சாலையில் படிந்த மண்ணின் அளவும், ஓடும் எல்லா வண்டிகளின் சராசரி எடையும் வேண்டும். மண் அளவை அந்தச் சாலையிலேயே கூட்டி எடுத்து அளப்பதுதான் நல்லது.