பழைய ப்ளூஸை வானொலியில் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணைய வானொலி வந்த பிறகு நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட். நிலையத்தையும் நியூ ஜெர்சியின் டபிள்யூ.எஃப்.எம்.யூ. நிலையத்தையும் சென்னையில் இருந்தபடியே கேட்க முடிகிறது. 1920-களின் ப்ளூஸ், நாற்பதுகளில் அதிலிருந்து துள்ளலாக வளர்ந்த ரிதம் அண்ட் ப்ளூஸ், ஐம்பதுகளின் காஸ்பல் என்ற தேவாலயப் பாட்டு என்று கறுப்பின அமெரிக்கர்களின் இசை மணிக்கணக்கில் ஓடுகிறது. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டு வரும் இளைஞர்களும் கூடியிருக்கிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் நான் ஆரம்பத்தில் தடுக்கி விழுந்த இடங்களிலேயே அவர்களும் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நல்ல ஹெட்போன் வாங்குங்கள், நிலையத்தின் முகவரியைச் சேமித்து வையுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

பேச்சு தொடங்கியதும் நிலையத்தை மாற்றுவது

இந்த நிகழ்ச்சிகளில் மூன்று நான்கு பாட்டுகளைத் தொடர்ச்சியாகப் போட்ட பிறகுதான் தொகுப்பாளர் வாயைத் திறப்பார். யார் பாடியது, எந்த ஊரில் பதிவானது, எந்த லேபிள் (தட்டை வெளியிட்ட கம்பெனி), சாக்ஸபோன் வாசித்தது யார் என்று வரிசையாகச் சொல்லுவார். நம் ஆட்கள் பாட்டு முடிந்த கையோடு வேறு நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். பிறகு, "நேத்து ஒரு பாட்டு கேட்டேன், பேர் தெரியல" என்கிறார்கள்.

இந்த இசையைப் பொறுத்தவரை அந்தப் பேச்சும் நிகழ்ச்சியின் பாதி. மெம்ஃபிஸின் டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையம் 1948-ல் நாட் டி. வில்லியம்ஸ் என்ற பள்ளி ஆசிரியரை ஒலிவாங்கியின் முன் உட்கார வைத்தது. அங்கே அப்படி உட்கார்ந்த முதல் கறுப்பினத் தொகுப்பாளர் அவர். அதே நிலையத்தில்தான் பி.பி. கிங், பெப்டிகான் என்ற டானிக்கின் விளம்பரத்துக்காகப் பாடி வளர்ந்தார். நாஷ்வில்லின் டபிள்யூ.எல்.ஏ.சி. 50,000 வாட் நிலையம். இரவில் பல மாநிலங்களுக்குக் கேட்கும். காலட்டின் என்ற சிற்றூரில் இருந்த இசைத்தட்டுக் கடை ஒன்று அதில் விளம்பரம் செய்து அஞ்சல் வழியே தட்டுகளை விற்றது. தொகுப்பாளர் சொல்லுவதைக் குறித்துக்கொண்டு கடைக்குக் கடிதம் போட்டவர்களால்தான் பல பாட்டுகள் வீடுகளுக்குள் போயின. நீங்களும் பென்சிலோடு உட்காருங்கள்.

பாடகர், பாட்டு, ஆண்டு: இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்வது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். பணத்தையும் காலத்தையும் ஒருசேரத் தின்பதும் இதுதான்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், ஆர்வத்தில் யாருக்கும் குறைந்தவர் இல்லை. கேட்ட பாட்டையெல்லாம் எக்செல் தாளில் ஏற்றி வந்தார். பாடகர், பாட்டு, ஆண்டு என்று மூன்றே பத்திகள். ஆண்டை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். செயலியில் பாட்டின் பெயருக்குக் கீழே வருகிற எண்ணாம். அது பெரும்பாலும் பாட்டு பதிவான ஆண்டாக இருக்காது. பழைய பாட்டுகளைத் தொகுத்து சிடி போட்ட ஆண்டாக இருக்கும். மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928-ல் பாடிய 'கேண்டி மேன் ப்ளூஸ்' அவர் தாளில் 1996 என்று உட்கார்ந்திருந்தது. அதே பாட்டை ஹர்ட் எழுபதைத் தாண்டிய வயதில் மறுபடி பாடிய பதிவு 1966 என்று இருந்தது. தம்பி தாளை ஆண்டு வரிசையில் அடுக்கியபோது கிழவர் முதலிலும் நடுவயதுக்காரர் பின்னாலும் பாடினார்கள். அந்த இரண்டு பதிவுகளுக்கும் நடுவில் ஒரு மனிதர் அவலான் என்ற ஊரில் விவசாய வேலை செய்து முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். 'அவலான் ப்ளூஸ்' என்ற பாட்டில் அவர் ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்ததை வைத்து, 1963-ல் இசைத்தட்டு சேகரிப்பாளர் ஒருவர் தேடிப் போய்க் கண்டுபிடித்தார். இந்தக் கதை முழுவதும் அந்த மூன்று பத்திகளில் காணாமல் போகிறது.

ஒரு நாள் இரவு அதே தம்பி போன் செய்தார். "அண்ணா, சன்னி பாய் வில்லியம்சன் 1948-லயே கொலையாயிட்டார்னு போட்டிருக்கு. ஆனா 1963-ல ஐரோப்பாவுல பாடுற வீடியோ இருக்கே?"

சன்னி பாய் இரண்டு பேர். இரண்டு பேரும் மவுத் ஆர்கன் கலைஞர்கள். முதலாமவர் ஜான் லீ வில்லியம்சன், டென்னசிக்காரர். 1937-ல் புளூபேர்ட் லேபிளுக்குப் பாடத் தொடங்கினார். 1948 ஜூனில் சிகாகோவில் கொல்லப்பட்டார். இரண்டாமவர் ரைஸ் மில்லர் என்று அறியப்பட்டவர். 1941-ல் ஆர்கன்சாவின் ஹெலீனா நகரத்து கே.எஃப்.எஃப்.ஏ. நிலையத்தில் 'கிங் பிஸ்கட் டைம்' என்ற மாவு விளம்பர நிகழ்ச்சி தொடங்கியபோது, சிகாகோவில் முதலாமவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் பெயரில் வாசித்தார். வானொலியில் அவ்வளவு புகழ் பெற்றவர் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடியது 1951-ல்தான், மிசிசிப்பியின் ஜாக்சன் நகரத்து ட்ரம்பெட் லேபிளுக்கு. ஆகவே பதிவான ஆண்டு மட்டும் சரியாகத் தெரிந்தால் போதும். 1948-க்கு முந்தியது என்றால் ஜான் லீ. 1951-ம் அதற்குப் பிந்தியதும் என்றால் ரைஸ் மில்லர். தம்பியின் தாளில் இருவரும் ஒரே ஆளாகக் கலந்து கிடந்தார்கள். பிரித்தெடுக்க ஒவ்வொரு பாட்டையும் முதலிலிருந்து கேட்க வேண்டியிருந்தது.

இதையாவது உழைத்துச் சரிசெய்யலாம். அடுத்தது காசைக் கரைத்தது. வானொலியில் கேட்ட ஐம்பதுகளின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுகள் மொத்தமாக ஒரே பெட்டியில் கிடைக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து சிடி தொகுப்பு ஒன்றை வரவழைத்தார். அஞ்சல் செலவும் சுங்கமும் சேர்ந்து விலை எங்கோ போய்விட்டது. அட்டையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில், அசல் கலைஞர்கள் பாடியவை என்று இருந்தது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில், அதே கலைஞர்கள் மீண்டும் பதிவு செய்தவை என்று இருந்தது. பெயர் அதே, பாட்டு அதே. வானொலியில் கேட்டு அவர் மயங்கிய அந்தப் பதிவு மட்டும் ஒன்றுகூட இல்லை. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அட்டையில் போட்டிருக்கிறதே என்று பதில் வந்தது. இந்த வியாபாரம் இன்னும் நடக்கிறது. ஸ்ட்ரீமிங் செயலிகளிலும் இப்படிப்பட்ட மறுபதிவுகள் நிறைந்து கிடக்கின்றன.

ஒரு காலத்துப் புகழைக் கொண்டு கலைஞர்கள் மறுபடி பாடியது தவறில்லை. பலருக்கு முதல் பதிவில் உரிய பணம் கிடைத்ததே இல்லை. ஆனால் கேட்கிறவனுக்கு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். லிட்டில் ரிச்சர்ட் 'டுட்டி ஃப்ருட்டி'யை 1955 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில், காசிமோ மட்டாசாவின் சிறிய கூடத்தில் ஸ்பெஷால்டி லேபிளுக்காகப் பாடினார். டிரம்ஸ் எர்ல் பாமர், சாக்ஸபோன் லீ ஆலன். அறுபதுகளில் வீ-ஜே லேபிளுக்காகத் தன் பழைய பாட்டுகளை மறுபடி பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதலாவதில் அந்த டிரம்ஸ் தள்ளுகிற தள்ளல் இரண்டாவதில் இருக்காது. பிக் மாமா தார்ன்டன் 'ஹவுண்ட் டாக்'கை 1952-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஜானி ஓட்டிஸ் குழுவோடு பாடினார்; 1965-ல் லண்டனில் பட்டி கையின் கிட்டாரோடு பாடினார். இங்கே இரண்டுமே அருமை. ஆனால் இரண்டும் வேறு வேறு. எதைக் கேட்டீர்கள் என்று உங்களுக்கே தெரியாவிட்டால் யாரிடமும் அதைப் பற்றிப் பேச முடியாது.

ஒரு சின்னச் சோதனை: ஐம்பதுகளின் நடுப்பகுதி என்று சொல்லப்படும் பாட்டில் டிரம்ஸ் ஒரு காதிலும் குரல் மறு காதிலுமாகத் தெளிவாகப் பிரிந்து கேட்டால் சந்தேகப்படுங்கள். இந்தச் சிறு லேபிள்களின் அக்காலப் பதிவுகள் பெரும்பாலும் மோனோ, இரண்டு காதிலும் ஒரே ஒலி. ஆனால் பழைய மோனோவையே மின்னணு முறையில் போலி ஸ்டீரியோவாக்கி அறுபதுகளில் விற்றிருக்கிறார்கள்; ஆகவே இது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

தாளில் வேறு பத்திகளைப் போடுங்கள்: பதிவான நாள், பதிவான ஊர், லேபிளும் தட்டு எண்ணும், உடன் வாசித்தவர்கள். தட்டின் நடுவே, லேபிளை ஒட்டிய வழவழப்பான பகுதியில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண் கிடைத்தால் அதையும் சேருங்கள். ஒரே பாட்டின் இரண்டு டேக்குகளை, அதாவது ஒரே அமர்வில் திரும்பத் திரும்பப் பாடியவற்றை, பிரித்துச் சொல்வது பெரும்பாலும் அதுதான். மிசிசிப்பியின் கிட்டார் ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் பதிவு செய்தது 29 பாட்டுகள், 1990-ல் வந்த முழுத் தொகுப்பில் இருப்பதோ 41 பதிவுகள்; மிச்சமெல்லாம் மறு டேக்குகள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா நூலகம் நடத்தும் அமெரிக்க வரலாற்று ஒலிப்பதிவுத் தரவுத்தளத்தில் இந்த விவரங்களை இலவசமாகத் தேடலாம். அங்கே ஐந்து நிமிடம் செலவழிக்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

பெயரை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொன்று: ஜான் லீ ஹூக்கர் ஒப்பந்தங்களைத் தாண்டிப் பல லேபிள்களுக்குப் பாட வேண்டி டெக்சஸ் ஸ்லிம், டெல்டா ஜான், பர்மிங்ஹாம் சாம் என்றெல்லாம் பெயர் மாற்றிப் பாடியிருக்கிறார். கால் தட்டும் ஓசையை வைத்தே அவரைக் கண்டுபிடித்துவிடலாம்.

இரைச்சலைத் துடைப்பது

ஸ்ட்ரீமைப் பதிவு செய்து, மென்பொருளில் போட்டு இரைச்சலை எடுத்து, அசல் கோப்பை அழித்துவிட்டு வந்து நிற்கிறார்கள். அசலை அழிக்காதீர்கள். மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்.

ஏன் இவ்வளவு இரைச்சல் என்று தெரிந்தால் கோபம் குறையும். சார்லி பாட்டன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ் ஆகியோரின் பாட்டுகளை வெளியிட்ட பாரமவுண்ட் லேபிள், விஸ்கான்சினில் நாற்காலி செய்த ஒரு கம்பெனியின் கிளை. மலிவான கலவையில் தட்டு வார்த்தார்கள். சன் ஹவுஸ் 1930-லும் ஸ்கிப் ஜேம்ஸ் 1931-லும் கிராஃப்டன் என்ற ஊரில் பாடியவற்றை இன்று நாம் கேட்பது, யாரோ தேயத் தேய ஓட்டிய தட்டுகளிலிருந்துதான். இரைச்சலும் ஸ்கிப் ஜேம்ஸின் மெல்லிய உச்சக்குரலும் அதே அலைவரிசைப் பகுதியில் கிடக்கின்றன. ஒன்றைச் சுரண்டினால் மற்றதும் போகும். ஒலியளவைக் கொஞ்சம் குறைத்து இரண்டு பாட்டு பொறுத்துக் கேளுங்கள், காதே ஒதுக்கிக்கொள்ளும்.

ராபர்ட் ஜான்சனிடமிருந்து எல்லாம் பிறந்ததாக நினைப்பது

அவர் பாடியது 1936 நவம்பரிலும் 1937 ஜூனிலும். அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, 1920 ஆகஸ்ட் 10 அன்று, மேமி ஸ்மித் நியூயார்க்கில் 'க்ரேசி ப்ளூஸ்' பாடிவிட்டார். கறுப்பின மக்கள் இசைத்தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்குப் புரிய வைத்தது அந்தத் தட்டு. 1923-ல் பெஸ்ஸி ஸ்மித்தும் மா ரெய்னியும் வந்தார்கள். பெண்களின் குரலும் பியானோவும்தான் முதலில் தட்டில் ஏறின. தனியாகக் கிட்டாரோடு உட்கார்ந்த ஆண்கள் பிறகு வந்தவர்கள். ஜான்சனே லீராய் கார் என்பவரின் பியானோ ப்ளூஸைத் தட்டில் கேட்டுக் கற்றவர்.

ஞாயிறு காஸ்பல் நிகழ்ச்சியைத் தாண்டிப் போவது

'நமக்கெதற்கு மதப் பாட்டு' என்கிறார்கள். காஸ்பலைக் கேட்காதவருக்கு ரிதம் அண்ட் ப்ளூஸ் பாதிதான் புரியும். 1928-ல் டாம்பா ரெட்டோடு சேர்ந்து கொச்சையான ப்ளூஸ் பாட்டால் பெரும் விற்பனை கண்ட ஜார்ஜியா டாம், தாமஸ் ஏ. டார்சி என்ற சொந்தப் பெயரில் காஸ்பலின் தந்தை என்று அழைக்கப்படுகிறார். 1932-ல் மனைவி பிரசவத்தில் இறந்து, குழந்தையும் இறந்துபோன துயரத்தில் அவர் எழுதியது 'டேக் மை ஹாண்ட், பிரெஷஸ் லார்ட்'. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1944-ல் எலெக்ட்ரிக் கிட்டாரோடு பாடிய காஸ்பல் தட்டு, அடுத்த ஆண்டு கறுப்பின இசைக்கான பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. ரே சார்ல்ஸ் 1954-ல் அட்லாண்டாவின் ஒரு வானொலி நிலையக் கூடத்தில் பதிவு செய்த 'ஐ காட் எ வுமன்' அப்போது வானொலியில் ஓடிய ஒரு காஸ்பல் பாட்டின் மேல் கட்டியது. சோல் ஸ்டிரர்ஸ் குழுவில் சாம் குக் பாடியதைக் கேளுங்கள். பின்னால் அவர் பாடிய காதல் பாட்டுகளின் வளைவுகள் எல்லாம் அங்கேயே இருக்கின்றன.

பிளைண்ட் வில்லி ஜான்சனைக் கடைக்காரர்கள் ப்ளூஸ் அடுக்கில் வைக்கிறார்கள். அவர் 1927 முதல் 1930 வரை கொலம்பியாவுக்குப் பாடியது எல்லாம் பக்திப் பாட்டுகள். 1977-ல் வாயேஜர் விண்கலத்தில் போனது அவற்றில் ஒன்று. சொல்லே இல்லாத முனகலும் கம்பியின் மேல் வழுக்கும் கிட்டாரும்தான்.

ஃபைவ் பிளைண்ட் பாய்ஸ் இரண்டு குழு: ஒன்று அலபாமா, ஒன்று மிசிசிப்பி. ஊரையும் எழுதுங்கள்.

ஆர் அண்ட் பி என்று தேடுவது

ரிதம் அண்ட் ப்ளூஸின் சுருக்கம்தான் அது, ஆனால் இன்றைய பாட்டுகள்தான் வரும். லேபிள் பெயரைப் போடுங்கள்: ஸ்பெஷால்டி, கிங், அலாடின், பீகாக், சாவாய்.

இணையத்தில் கிடைக்கும் பாடல் வரிகள்

பாதி யூகம். நம்ப வேண்டாம்.

கடிகாரம்

அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஹெலீனாவில் பகல் 12.15-க்குத் தொடங்கும் 'கிங் பிஸ்கட் டைம்' நமக்குக் கோடையில் இரவு 10.45, குளிர்காலத்தில் 11.45. நவம்பர் பிறந்ததும் "நிகழ்ச்சியை நிறுத்திட்டாங்க" என்று எனக்குச் செய்தி அனுப்பாதீர்கள், ஒரு மணி நேரம் காத்திருங்கள்.