பழைய ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர்: ஆக்சில், சேஸிஸ் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது

1960, 70களில் அமெரிக்காவில் தயாரான, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீட்டு வண்டியான ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அலுமினிய உடம்பின் பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள். பணத்தைக் கரைப்பது அடிப்பக்கம். உள்ளே அலமாரி, மெத்தை, பெயின்ட் என்று கை வைப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்கத் தரையில் படுத்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது ஆக்சில், அதாவது சக்கரங்களைத் தாங்கும் அச்சு. அது செத்துப்போயிருந்தால் சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் நேராகச் சேஸிஸுக்கு, அதாவது இரும்பு அடிச்சட்டத்துக்குப் போகும், அங்கிருந்து தகடுகளை இணைக்கும் ரிவெட்டுகளுக்கும் வால்பக்கத்துக்கும் போகும். ஆக்சிலை விட்டுவிட்டு வாலை மட்டும் கட்டினால் அது மறுபடி கழன்றுகொள்ளும்.

1960களின் தொடக்கத்திலிருந்து ஏர்ஸ்ட்ரீமில் வருவது ரப்பர் டார்ஷன் ஆக்சில். எஃகுக் குழாய்க்குள் ஒரு தண்டும், இரண்டுக்கும் நடுவே நெருக்கித் திணித்த ரப்பர் உருளைகளும் இருக்கும். தண்டின் நுனியிலிருந்து பின்பக்கமாக நீளும் ஆர்மில் சக்கரம் மாட்டியிருக்கும். சக்கரம் மேலே ஏறும்போது தண்டு முறுகி ரப்பரை நசுக்கும். அதுதான் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரின் வேலையில் ஒரு பகுதியையும் அதுவே செய்துவிடும். பட்டை ஸ்பிரிங் போல உடைந்து சத்தம் போடாது. வயதாக வயதாக ரப்பர் இறுகிக் கெட்டியாகும். ஓடாமல் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் நிற்கும் வண்டியில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். 'ஓடவே இல்லை, புதுசு மாதிரி' என்று விற்பவர் சொன்னால் ஆக்சிலைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சோதிப்பது எளிது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆர்ம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பக்கவாட்டில் பாருங்கள். குழாயிலிருந்து சக்கரத்தை நோக்கிக் கீழே இறங்கினால் உயிர் இருக்கிறது. முழுச் சுமையில் ஏறக்குறைய மட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. காலி வண்டியிலேயே மேல்நோக்கிப் போனால் கதை முடிந்தது. அடுத்து, மற்ற சக்கரங்களுக்கு அடைகல் வைத்துவிட்டு, ஆக்சிலைப் பிடித்திருக்கும் தகட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்குங்கள். ஆக்சில் குழாயின் நடுவில் ஜாக்கி கொடுக்கக் கூடாது, குழாய் வளைந்துவிடும். வண்டி உயரும்போது சக்கரம் தரையிலேயே நின்று ஆர்ம் இரண்டு அங்குலமாவது கீழே தொங்க வேண்டும். சேஸிஸோடு சேர்ந்தே சக்கரமும் உடனே கிளம்பினால் ரப்பர் கல்லாகிவிட்டது. இதற்குப் பழுது பார்ப்பது என்பதே கிடையாது. ரப்பரைத் தனியாக மாற்றித் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். குழாயில் வெல்டிங் வைத்தால் சூட்டில் உள்ளே இருக்கும் மிச்ச ரப்பரும் போய்விடும்.

புது ஆக்சில் ஆர்டர் கொடுக்க நான்கு அளவுகள் வேண்டும்: ஒரு ஹப் (சக்கரம் மாட்டும் குடம்) முகத்திலிருந்து மறு ஹப் முகம் வரை, இரண்டு பக்கப் பிடிப்புத் தகடுகளுக்கு இடையே உள்ள தூரம், ஆர்மின் இறக்கக் கோணம், தாங்கும் எடை. கோணம் பல வண்டிகளில் 22.5 டிகிரி. எடையில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று பெரிய ஆக்சில் போட்டால் ரப்பர் வளையவே வளையாது, செத்த ஆக்சிலோடு ஓட்டுவதும் அதுவும் ஒன்றுதான். லாரி எடைமேடையில் தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் ஏற்றிய நிலையில் நிறுத்துப் பாருங்கள். மொத்தம் 5,000 பவுண்டு, அதில் ஹிட்ச் (இழுக்கும் வண்டியோடு மாட்டும் கொக்கி) மேல் விழுவது 600 என்றால், மீதி 4,400 இரண்டு ஆக்சிலுக்கும் சேர்த்து. ஒன்றுக்கு 2,200. அதற்கு 2,800 பவுண்டு ஆக்சில் போதும், 3,500 வேண்டாம். இரட்டை ஆக்சில் வண்டிகளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டார்ஷன் ஆக்சில்கள் சுமையைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதில்லை. மூக்கு தூக்கி இழுத்தால் பின் ஆக்சில்தான் அதிகம் சுமக்கும். வண்டி மட்டமாகப் போகிறபடி ஹிட்ச் உயரத்தை அமைக்க வேண்டும்.

கழற்றுவதற்கு முந்தின நாளே போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். சேஸிஸை நான்கு இடத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். பிரேக் ஒயர்களைக் கழற்றி, ஆக்சிலுக்கு ஒரு ஃப்ளோர் ஜாக்கியைக் காவலாக வைத்து, போல்ட்டுகளை எடுத்து மெல்ல இறக்குங்கள். பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். வலிமை கூடிய புது கிரேடு 8 போல்ட்டும் லாக் நட்டும் போடுங்கள். பிடிப்புத் தகடு சேஸிஸோடு சேரும் இடத்தை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சில் இல்லாத இந்த நேரத்தில்தான் அது தெரியும். பூட்டியதும் ஹிட்ச் பந்தின் நடுவிலிருந்து இடது, வலது ஸ்பிண்டில் (ஹப் சுழலும் தண்டு) நுனிகளுக்கு டேப் பிடியுங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 1/8 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். மீறினால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

பேரிங்குக்கு அதிக நேரம் ஆகாது. ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது 12,000 மைலுக்கு ஒரு முறை கிரீஸ் மாற்றுங்கள். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை 50 அடி-பவுண்டு வரை இறுக்கி, பிறகு முழுதும் தளர்த்தி, விரலால் தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி, நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின் போடுங்கள். சக்கரத்தை டிரம்மோடு சேர்த்துப் பேலன்ஸ் செய்வது நல்லது. பேலன்ஸ் இல்லாத சக்கரமும் ரிவெட்டுகளை அறுக்கும்.

இனி வால். ஏர்ஸ்ட்ரீமின் பேர்பெற்ற வியாதி, பின்பக்கத்தில் உடம்பும் சேஸிஸும் பிரிந்துபோவது. ஒருவரைப் பின் பம்பரில் ஏறி நின்று குதிக்கச் சொல்லி, பம்பருக்கும் அலுமினிய உடம்பின் கீழ்ப்பட்டைக்கும் இடையே பாருங்கள். சேஸிஸ் கீழே போய் உடம்பு அப்படியே நின்றால் இரண்டும் பிரிந்துவிட்டன. காரணம் தண்ணீர். டெயில் லைட், பின் ஜன்னல், பம்பர் மடிப்பு வழியாக ஒழுகும் தண்ணீர் தரைப் பிளைவுட்டின் விளிம்பை ஊறவைத்து மக்கச் செய்யும். உடம்பையும் சேஸிஸையும் இணைக்கும் போல்ட்டுகள் அந்தப் பிளைவுட்டை ஊடுருவித்தான் போகின்றன. பலகை மாவாகும்போது பிடிப்பும் போகிறது. ஆக்சிலுக்குப் பின்னால் நீண்டு தொங்கும் சேஸிஸில் குளியலறையும் கழிவுத் தொட்டியும் இருப்பதால், நீள வண்டிகளில் பாதிப்பு அதிகம்.

சும்மா ஒரு தகடு வைத்து போல்ட் போட்டால் ஒரு பருவம் தாங்கும், அவ்வளவுதான். ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் முதலில் ஒழுகலை நிறுத்துங்கள். ஹோஸ் குழாயில் தண்ணீர் அடித்தபடி கீழிருந்து ஆரம்பித்து மேலே போங்கள், அப்போதுதான் எந்த இணைப்பு ஒழுகுகிறது என்று தெரியும். பிறகு உள் அலுமினியத் தகட்டின் கீழ்ப்பகுதியை ரிவெட் எடுத்துக் கழற்றுங்கள். 1/8 அங்குல ரிவெட்டுக்கு 30ஆம் எண் டிரில் பிட். மக்கிய பலகையை நல்ல மரம் வரும்வரை வெட்டுங்கள். ஸ்குரூடிரைவர் குத்தினால் இறங்காத இடம்தான் எல்லை. புதுப் பிளைவுட் பழையதன் தடிமனிலேயே இருக்கட்டும், பல வண்டிகளில் அது 5/8 அங்குலம். வெட்டு விளிம்புகளுக்கெல்லாம் எபாக்ஸி இரண்டு பூச்சு கொடுங்கள். பிறகு சேஸிஸின் வாலை ஜாக்கியில் மெல்லத் தூக்கி உடம்போடு ஒட்டவைத்து, புது போல்ட்டுகளைப் பூட்டுங்கள்.

பலகை திறந்திருக்கும்போதே அடித்தகட்டையும் இறக்கிவிடுங்கள். முகமூடி அவசியம், நனைந்த ஃபைபர்கிளாஸும் எலிக்கூடும் சேர்ந்து தலையில் விழும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்தது சொத்தென்று கேட்கும். உடம்பின் ஓரத்தைத் தாங்கும் அவுட்ரிக்கர்கள்தான் முதலில் போகும். மெல்லிய தகடு, போதாததற்கு அலுமினியத்தோடு உரசி நிற்பது. ஈரம் இருந்தால் இரும்பு துருப்பிடிக்கும், அதைத் தொடும் அலுமினியமும் அரித்துப்போகும். புதியவற்றை 1/8 அங்குலத் தகட்டில் செய்து, பெயின்ட் அடித்து, அலுமினியத்தைத் தொடும் முகத்தில் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை) ஒட்டிப் போடுங்கள்.

முக்கிய ரெயிலில், அதாவது சேஸிஸின் நீள இரும்புச் சட்டத்தில் விரிசல் என்றால் அவசரப்படாதீர்கள். ரெயிலின் நெடுக நூல் கட்டி எவ்வளவு தொங்கியிருக்கிறது என்று பார்த்து, ஜாக்கியில் நேராக்கிய பிறகே வெல்டிங். விரிசலின் நுனியில் 1/8 அங்குலத் துளை போட்டால் அது மேற்கொண்டு ஓடாது. V வடிவில் தேய்த்து நிரப்பி, பக்கத் தகட்டில் ஒட்டுத்தகடு வையுங்கள். அது விரிசலின் இருபுறமும் ரெயில் உயரத்தைப்போல இரண்டு மடங்காவது நீளட்டும், முனைகள் கூராகச் சரியட்டும். மேல், கீழ் விளிம்புகளில் குறுக்காக வெல்டிங் வைக்கவோ துளை போடவோ கூடாது. வளையும்போது இழுவையும் அழுத்தமும் அதிகம் விழுவது அங்கேதான், அடுத்த விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள், கேஸ் சிலிண்டரைத் தூரமாக வையுங்கள், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் பலகையைக் கவனியுங்கள்.

சாலைக்கு இறக்கும்போது 1/2 அங்குல ஸ்டட் உள்ள சக்கர நட்டுகளை 90 முதல் 120 அடி-பவுண்டுக்கு, நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். 10, 25, 50 மைலில் நிறுத்தி மீண்டும் டார்க் (இறுக்க அளவு) பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்சில் போல்ட்டுகளையும் அதே நிறுத்தங்களில் ஒரு கை வைத்துப் பாருங்கள்.