'லைன்' என்ற சொல்லை லயத்து வீட்டிலிருந்து கற்போம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஆங்கில அகராதியில் 'லைன்' என்ற சொல்லைப் பார்த்ததும் மலைத்துப் போவார்கள். பொருள்கள் அவ்வளவு நீளமாகப் போகும். மனப்பாடம் வேண்டாம்; கையில் ஒரு முழம் நூல் இருந்தால் போதும்.

முதலில் நூல். லத்தீனில் 'லீனும்' என்பது ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல் 'லீனியா'. 'லைன்' அதிலிருந்து வந்ததுதான். துணி காயப்போடும் கொடியும் தூண்டில் கயிறும் ஆங்கிலத்தில் இன்றும் 'லைன்'தான்.

இரண்டாவதாக, அந்த நூலை இழுத்துக் கட்டுங்கள். செம்பனை நடுவதற்குமுன் கயிறு பிடித்து, சுமார் 9 மீட்டருக்கு ஒரு குச்சி ஊன்றுவார்கள். அந்த வேலைக்குப் பெயரே 'லைனிங்'. கயிற்றை எடுத்துவிட்டாலும் வரிசை நிற்கிறதே, அதுவும் 'லைன்'. பால் மரக்காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், நம்மவர்கள் அதை 'நிரை' என்றார்கள்.

தோட்டத் தொழிலாளர் வீடுகளையும் அப்படியே சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டினார்கள். துரைமார் 'லேபர் லைன்ஸ்' என்று எழுதியது நம் வாயில் 'லயம்' ஆனது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் 'பரேட்' பிரட்டு ஆனதும் இப்படித்தான். பாட்டிக்கு ஆங்கிலமே தெரியாது என்று இனி யாரும் சொல்லாதீர்கள். இந்தச் சொல்லுக்குள்தான் அவர் குடியிருந்தார்.

மூன்றாவது, கம்பி. நூல் போன இடத்தில் தொலைபேசிக் கம்பி வந்தது. 'ஹோல்ட் த லைன்' என்றால் போனை வைக்காமல் காத்திருங்கள் என்று பொருள். இங்கேதான் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். கைப்பேசி எடுக்காத இடத்தில் "லைன் இல்லை" என்கிறோம், பேச்சில் தவறில்லை. கட்டுரையில் மட்டும் 'தேர் இஸ் நோ சிக்னல்' என்று எழுதுங்கள். 'நோ லைன்' என்றால் வெளியூர்க்காரருக்குப் புரியாது.

வரிசையில் நிற்பதற்கு அமெரிக்கர் 'ஸ்டாண்ட் இன் லைன்' என்பார்கள். நம் பள்ளிகளில் பிரிட்டிஷ் வழக்கு, 'க்யூ' போதும்.

'வாட் லைன் ஆர் யூ இன்?' என்று கேட்டால் உங்கள் தொழில் என்ன என்று அர்த்தம். 'டிரா த லைன்' என்பது கோடு கிழித்து, இதற்கு மேல் கூடாது என்று நிறுத்துவது.

பயிற்சி ஒன்றே ஒன்று. பாட்டி எந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தார் என்று இன்றிரவு கேளுங்கள். பிறகு எழுதுங்கள்: 'மை கிராண்ட்மதர் வாஸ் பார்ன் இன் தி எஸ்டேட் லைன்ஸ்.' கடைசி 'ஸ்' முக்கியம். அது இருந்தால்தான் லயம்.